நகம் வெட்ட ஆகாத நாள்

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்து மதில் சுவரில் நகம் முளைத்திருந்தது. முதலில் பார்த்தவர் பால்காரர் சுடலைமுத்து. அவர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, அரை லிட்டரை ஊற்றி, கொசுறும் ஊற்றிவிட்டு, "யக்கா, பள்ளிக்கூடத்துச் சொவத்துக்கு நகம் மொளைச்சிருக்கு" என்று, முருங்கைக்காய் விலை இறங்கியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"எந்தக் கையி நகம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு கையும் கலந்துதான் கெடக்கு."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா" என்றேன் நான். என் வாயில் முதலில் வந்தது அதுதான். நினைத்தால் இப்போதும் அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சின்னச் சின்ன நகங்கள். காரை பெயர்ந்த இடத்தில் ஒன்று, செங்கல் இடுக்கில் நாலு, "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதியிருந்ததற்குக் கீழே வரிசையாகப் பத்து என்று, இளஞ்சிவப்பாக, அடியில் வெள்ளைப் பிறை வைத்து, பச்சைக் குழந்தையின் நகம்போல மெல்லிசாக முளைத்து, சாயங்காலத்துக்குள் நெல்மணி நீளம் வளர்ந்துவிட்டன. சனிக்கிழமை தெருவிளக்குக் கம்பத்தில் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை எசக்கியப்பன் பெட்டிக்கடைப் பலகையில் முளைத்தது. திங்கள் அன்று குடிநீர்க் குழாயடித் திண்டில், செவ்வாய் அன்று அரிசி மில் இரும்புக் கேட்டில், புதன்கிழமை எங்கள் வீட்டு நிலைப்படியில். எங்கள் நிலையில்தான் அதிகம். வலது பக்கத்து மரச்சட்டம் முழுக்க, என் இடுப்பு உயரத்துக்கு, மீன் செதில் மாதிரி அடுக்கி நின்றது.

ஊர் எதற்குத்தான் பழகாது. பசுமாடுகள் மதிலில் வந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடிச் சொக்கி நின்றன. எசக்கியப்பன் பலகையில் முளைத்த நகங்களில் ஷாம்பு பாக்கெட்டுச் சரத்தை மாட்டிவிட்டு, ஆணி வாங்குகிற செலவு மிச்சம் என்றான். காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் விளக்குக் கம்பத்துக்கு ரோஸ் கலரில் நகப்பூச்சு போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, "சுவர் பழுது" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு நகங்கள் நீண்டு, வளைந்து, போகிற வருகிறவர்களின் சேலையைக் கிழித்து, பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளைகளின் கன்னத்தைக் கீறத் தொடங்கியதும்தான், இதை வெட்ட வேண்டுமே என்று தெரு பேச ஆரம்பித்தது. சுவருக்கு எப்படி நகம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாளில் வெட்டலாம் என்றுதான் கேட்டார்கள். அதை என்னிடம்தான் கேட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எங்கள் தெருவில் நாள் பார்ப்பதென்றால் காந்திமதியிடம் கேள் என்பார்கள். என் வீட்டுச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் மூன்று தொங்கும். ராகுகாலம், எமகண்டம், கரிநாள், சூலம் எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தக் கிழமை எண்ணெய் தேய்க்கக் கூடாது, எந்தக் கிழமை துடைப்பம் வாங்கக் கூடாது என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகள் உலகேஸ்வரிக்கு இருபத்தெட்டு வயது. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கிற வேலை. தொளதொளவென்று கிடக்கிற வயசாளிகளின் கையில்கூட, ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவி, நரம்பு இங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "உலகு வந்தாத்தான் கையை நீட்டுவேன்" என்று அடம்பிடிக்கிற கிழவர்கள் உண்டு. அந்த விரலில்தான் அவளுக்கு நகச்சுத்து வந்து, சீழ் கட்டி, விரல் நுனி நாவற்பழம் மாதிரி ஆகியிருந்தது. நான் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு மாட்டிவிட்டேன். கேட்கவில்லை. டாக்டர் கீறிவிட்டு, "இன்னும் ஒரு தடவை பல்லு பட்டுச்சுன்னா சீழ் எலும்புக்குப் போயிரும்மா. அப்புறம் நுனியை எடுக்கறதத் தவிர வழியில்லை" என்றார்.

உலகு ஆறு வயதிலிருந்து நகம் கடிப்பவள். பத்து விரலிலும் நகம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, சதைக்குள் புதைந்த ஒரு கோடு மட்டும் இருக்கும். வேப்பெண்ணெய் தடவினேன். பெருங்காயம் கரைத்துத் தடவினேன். ஒருநாள் மிளகாய்ப்பொடியைக் குழைத்துத் தடவினேன், பிள்ளை அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றமெல்லாம் உருண்டது. "வீட்டுக்குள்ள நகத்தைக் கடிச்சுத் துப்புத மூதேவி, குடும்பம் வெளங்குமா" என்று வாயில் அடித்தேன். இருபத்திரண்டு வருடம் அடித்தும், திட்டியும், நேர்ந்தும் பார்த்தாயிற்று. இப்போது விரல் போகப்போகிறது.

டாக்டர் வீட்டிலிருந்து வந்த அந்தப் புதன்கிழமை, உலகு வாசற்படி ஏறும்போது நிலையில் முளைத்திருந்ததைப் பார்த்து நின்றாள். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டுப் போடாத கையால் ஒரு நகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"யம்மா, இது எம் பெருவிரலு."

"என்னட்டி சொல்லுத?"

"நடுவுல பள்ளம் இருக்கு பாரு. ருக்மணி டீச்சர் அடிச்ச அடி." தன் வலது பெருவிரலைப் பக்கத்தில் நீட்டினாள். கடித்தது போக மிஞ்சியிருந்த துளியிலும் அதே பள்ளம் ஓடியது. "இங்க இருக்கதெல்லாம் என்னுதுதாம்மா. பள்ளிக்கூடத்துச் சொவத்துல இருக்கதும். அன்னைக்கே தெரியும். சொன்னா நீ அதுக்கும் ஏசுவேன்னு சொல்லல."

எனக்குப் புரிய நேரம் எடுத்தது. நான் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பு உயரம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நின்றால் அதன் வாய் இருக்கிற உயரம். விளக்குக் கம்பம், பெட்டிக்கடை, குழாயடி, அரிசி மில் எல்லாம் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்த வழி.

"இங்கதான் ஏன் இவ்வளவு?" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்கனதானம்மா நின்னு கேப்பேன், நகம் வெட்டி விடுன்னு. நீ உள்ள விளக்கு பொருத்திக்கிட்டு, விளக்கு வச்சாச்சு கூடாதும்ப."

ஆமாம், சொன்னேன். திங்கட்கிழமை காலையில் கேட்டால், இன்றைக்குச் சோமவார விரதம், கூடாது என்று சொன்னேன். செவ்வாய் என்றால் செவ்வாயா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வியாழன் குருவுக்கு ஆகாது, வெள்ளி லட்சுமி போய்விடுவாள், சனிக்கிழமை இரும்பு தொடக் கூடாது, ஞாயிறு எங்கள் குலசாமியின் நாள். மிச்சம் இருந்தது புதன்கிழமைப் பகல் ஒன்றுதான். அதிலும் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், அவள் பிறந்த நட்சத்திரம் எதுவும் வந்துவிடக் கூடாது. புதன்கிழமைப் பகலில் என் பிள்ளை எங்கே இருக்கும்? பள்ளிக்கூடத்தில் இருக்கும். அது வீடு திரும்பி, கை கால் கழுவி வருவதற்குள் நான் விளக்கு வைத்துவிடுவேன்.

திங்கட்கிழமை காலை பிரேயரில் ருக்மணி டீச்சர் வரிசையாக நகம் பார்ப்பார்கள். நகம் வளர்ந்திருந்தால் அஞ்சு விரலையும் குவித்து நீட்டச் சொல்லி, மர ஸ்கேலைக் குத்துவசத்தில் பிடித்து, நகத்து மேலேயே அடிப்பார்கள்.

"அப்பதாம்மா யோசிச்சேன்" என்றாள் உலகு, எதையோ வேடிக்கையாகச் சொல்கிறவள் மாதிரி. "கடிச்சா கத்தி படல பாரு. சாமி கோவிக்காது. நகமும் குட்டையாயிரும். டீச்சர் அடிக்க மாட்டாவ. ரெண்டு பேருக்கும் நல்ல பிள்ளை ஆயிரலாம்னு நெனச்சேன். ஆறு வயசுல எவ்வளவு புத்தி பாத்தியா எனக்கு!"

"பெறவு ஏம்மா விடல? பெரியவளாயிட்டேல்லா?" என்றேன்.

"நான் எங்க கடிக்கேன்? கை தானா போகுதும்மா. பல்லுல பட்ட பெறவுதான் எனக்கே தெரியுது. யாராவது என்னை வரிசையில நிறுத்திப் பாக்கப்போறாவன்னா போதும், உள்ளுக்குள்ள திங்கக்கிழமை ஆயிருது."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவனுக்கு, இப்போது ஓசூரில் இருக்கிறானே, அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிவெட்ட அவன் அப்பா சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போவார், அங்கேயே நகத்தையும் வெட்டிவிட்டு வருவார். அதற்கு யாரும் நாள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. குலசாமியும் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கோபமே வராது என்று தெருவில் பெயர். சண்டை என்றால் நான் வீட்டுக்குள் போய்த் திருவிளக்குப் போற்றி படிப்பேன். அன்றைக்குப் படிக்க உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. கோபம் உள்ளங்காலில் தொடங்கி, முழங்காலில் ஏறி, நெஞ்சில் நின்று, வியாழக்கிழமை முழுக்க அங்கேயே நின்றது. டீச்சர் மேல் கோபம். காலண்டர் மேல் கோபம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மஞ்சளும் குங்குமமுமாகப் படத்தில் உட்கார்ந்திருந்தாளே அம்மன், அவள் மேலும் கோபம். மிளகாய்ப்பொடி குழைத்த இந்தக் கை மேல்தான் எல்லாவற்றையும் விடக் கோபம்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மன் கோயில் முன்மண்டபத்தில் தெருக்கூட்டம் போட்டார்கள். ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் ருக்மணி டீச்சருக்குத்தான் முதல் நாற்காலி. மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரை ஒருவர் அரமும் குறடுமாகக் கூட்டி வந்திருந்தார். வெட்ட ஆள் தயார். நாள்தான் வேண்டும்.

"நாளைக்கே வெட்டிருவோம்" என்றான் எசக்கியப்பன்.

"சனிக்கிழமையா? ஒனக்குக் கிறுக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சிவகாமி மைனி.

"அப்பம் ஞாயிறு."

"ஞாயிறு ஆடி அமாவாசைல்லா."

"திங்கள்?"

"எங்க வீட்ல திங்கக்கிழமை மண்ணைக்கூடக் கிள்ள மாட்டோம்."

"செவ்வாய்னு எவனாவது சொன்னியோ..." என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"புதனு ஆடிப்பூரம் வருது" என்றார் சுடலைமுத்து. "வியாழக்கிழமை குருவு. யக்கா, நீங்கதான் சொல்லணும். சொவத்துக்கு எந்த நாளு ஆகும்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அம்மனுக்கு விளக்கு ஏற்றியாகிவிட்டது. நான் எழுந்தேன். 

"இன்னைக்கு" என்றேன்.

"வெள்ளிக்கிழமை!" என்றாள் சிவகாமி மைனி. "விளக்கு வச்சாச்சு மைனி!"

"அதனாலதான் இன்னைக்கு."

இடுப்பிலிருந்து நகவெட்டியை எடுத்தேன். தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய சின்ன நகவெட்டி, வாங்கி இத்தனை வருடத்தில் புதன்கிழமைகள் மட்டுமே பார்த்தது.

"காந்திமதி, உக்காரு" என்றார்கள் ருக்மணி டீச்சர், வகுப்பில் சொல்கிற மாதிரி. "பொம்பளப் பிள்ளையளுக்கு நீயே இப்படி வழிகாட்டுனா எப்படி? நாங்கள்லாம் நகத்தைப் பாத்து அடிச்சு வளத்தது பிள்ளையளோட சுத்தத்துக்குத்தானே?"

"டீச்சர்," என்றேன், "அது எல்லாம் எம்மவ நகம். சொவத்துல இருக்க பெருவிரலப் போய்ப் பாருங்க. ஒங்க ஸ்கேலு விழுந்த பள்ளம் இன்னும் இருக்கு. ஆறு வயசுப் பிள்ளை விரலு, டீச்சர். நீங்க ஒரு பக்கம் ஸ்கேலப் புடிச்சிய, நான் இந்தப் பக்கம் காலண்டரப் புடிச்சேன். ஊடால அது எங்க போகும்? தன்னையே தின்னுச்சு. இருபத்திரெண்டு வருசமாத் தின்னுது. இப்பம் விரலு போகப்போகுது. யாரு சுத்தமானோம், சொல்லுங்க?"

"நீ ஒழுங்கா வெட்டிவிட்டிருந்தா நான் ஏன் அடிக்கேன்?"

"அது சரிதான். அந்தத் தப்பு என்னுது. அதை நான் எடுத்துக்கிட்டேன். ஒங்களுதை நீங்க எடுத்துக்கிடுங்க."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு போனார்கள். எடுத்துக்கொண்டு போனார்களா, அங்கேயே போட்டுவிட்டுப் போனார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் மதில் சுவரிலிருந்து ஆரம்பித்தேன். ணிக் என்று ஒன்று. ணிக் என்று இன்னொன்று. வெட்டிய நகத்தைக் கீழே விழவிடாமல் மடியில் ஏந்தினேன். வெட்டிய இடத்தில் சுவர் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி வெறும் சுவராயிற்று. "யக்கா, வேண்டாம், தெருவுக்கே ஆகாது" என்று பின்னாலேயே வந்தார்கள். நான் சூலம் பார்க்கவில்லை, திசை பார்க்கவில்லை, விளக்குக் கம்பத்தில் வெட்டினேன், ரோஸ் பூச்சோடு வெட்டினேன், எசக்கியப்பன் ஷாம்புச் சரத்தைக் கழற்றிக்கொண்டு ஒதுங்க அவன் பலகையில் வெட்டினேன். குழாயடிக்கு வரும்போது பக்கத்தில் இன்னொரு ணிக் கேட்டது. சிவகாமி மைனி. கையில் அவள் வீட்டு நகவெட்டி.

"எங்க கடைக்குட்டியும் கடிக்கா மைனி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "நேத்துதான் சூடு போடுவேன்னு சொன்னேன்."

அரிசி மில் கேட்டைத் தாண்டி என் வீட்டுக்கு வரும்போது மடி கனத்தது. ஒரு பிள்ளையைச் சுமந்த கனம். உலகு வாசலில் நின்றாள். இரண்டு கையும் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கட்டுப் போட்ட விரலும் இருந்தது. "கையை எடு" என்று தொண்டை வரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், அதுவும் நகம் கடிக்கிறது மாதிரிதானே. விழுங்கிவிட்டேன்.

"உலகு, வெட்டட்டுமா?" என்று கேட்டேன். ஒரு காரியத்துக்கு அவளிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கையை இறக்கினாள். "தா, நான் வெட்டுதேன்" என்றாள்.

நகவெட்டியை வாங்கிக்கொண்டு, நிலையடியில் உட்கார்ந்து, மேலேயிருந்து கீழே, ஒவ்வொன்றாக வெட்டினாள். தெரு முழுக்க நின்று பார்த்தது. பள்ளம் விழுந்த பெருவிரல் நகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதை வெட்டும்போது மட்டும் "ஸ்ஸ்" என்றாள், வலித்த மாதிரி.

நகத்தைப் பூசை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனேன். எரிகிற விளக்குக்கு முன்னால், அம்மன் படத்துக்குக் கீழே, மடியை அவிழ்த்துக் கொட்டினேன்.

"இந்தா" என்றேன். "ஒனக்கு ஆகாதுன்னு நான் சொல்லி, எம்பிள்ளை தின்னது. நீ கேட்டியா இதை? கேட்டிருந்தா நீ தாய் இல்ல. கேக்கலைன்னா, என் வாயை ஏன் அடைக்கல? நான் ஒன் பேரச் சொல்லி அந்தப் பிஞ்சை அடிச்சப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

அவ்வளவு சத்தமாக நான் கும்பிட்டதே இல்லை. காலையில் பார்த்தபோது தரை துடைத்த மாதிரி இருந்தது. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. மூன்று காலண்டரையும் இறக்கிவிட்டேன். பால் கணக்கு எழுத மட்டும் ஒன்றைத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

பழக்கம் ஒரு நாளில் போகிறதா என்ன. உலகுவின் கை வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் போவது இப்போது எங்களுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை காலையிலும், மேலதிகாரி கூப்பிட்டாலும், நகத்து ஓரத்தில் ஒரு பிசிறு நின்றாலும் போகும். பிசிறுதான் பல்லைக் கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்தாள். கைப்பையில் அரத்தோடு ஒரு நகவெட்டி வைத்துக்கொண்டு உடனே ராவிவிடுவாள். வீட்டில் இருக்கும்போது நான் உதிரி மல்லிகையை அவள் முன்னால் கொட்டிவிடுவேன், பூக்கட்டுகிற கை வாய்க்குப் போகாது. போனால் "போகுது" என்று மட்டும் அவளே சொல்லிக்கொள்வாள். சில நாள் சொல்லிக்கொண்டே கடித்தாள். நான் ஏசவில்லை. அடுத்த அறைக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூட வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பிள்ளைகள் பிரேயருக்குள் போகும் முன் வரிசையாகக் கையை நீட்டும், வெட்டிவிடுகிறேன். "வாசல்ல உக்காந்து இது என்னம்மா அசிங்கம்" என்று புது டீச்சர் ஒருத்தி கேட்டாள். "உள்ள ஸ்கேலு இருக்க வரைக்கும் வாசல்ல நான் இருப்பேன்" என்றேன்.

ஐப்பசியில் விரல் ஆறியது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, எலும்புக்குப் போகவில்லை என்றார். அந்த விரலில் நகம் கோணலாகத்தான் முளைத்தது, ஆனாலும் முளைத்தது. கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்து நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது உலகு வந்து அந்த நிலைப்படியில் நின்றாள். பத்து விரலையும் நீட்டினாள். ஒவ்வொன்றின் நுனியிலும் அரிசி அகலத்துக்கு வெள்ளை.

"யம்மா, நகம் வளந்துட்டு. வெட்டி விடுதியா?"

கற்பூரத் தட்டைக் கீழே வைத்தேன். அம்மனுக்கு முன்னாலேயே, விளக்கு வெளிச்சத்தில், அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, பத்தையும் வெட்டினேன்.

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ரெண்டு சொல்லியிருப்பேன்.